சூடான பானெட்டை நம்பாதீர்கள்

பழைய டர்போ கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "காலைல முதல் ஸ்டார்ட்ல கொஞ்சம் இழுக்கும் பாஸ், அதான் அதோட கேரக்டர்." அந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

2000களில் வந்த ஒரு டர்போ பெட்ரோல் செடானைக் கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். பார்க்கப் போனபோது வண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. "சார் வர்றீங்கன்னு ஏசி போட்டு வச்சனுங்க" என்றார் புரோக்கர். அந்த மரியாதையில் குளிர்ந்துபோய் பணத்தைக் கொடுத்தேன். மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் ஆர்பிஎம் முள் 500க்கும் 1,300க்கும் இடையில் ஊஞ்சலாடியது. இரண்டு தடவை அணைந்தது. நாலு நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

ஏன் காலையில் மட்டும்? குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாது. அதனால் இசியு கூடுதலாகத் தெளிக்கும். எவ்வளவு என்பதைக் கூலண்ட் வெப்பநிலை, உள்ளே வரும் காற்றின் அளவு, தன்னிடமுள்ள அட்டவணை இவற்றை வைத்து முடிவு செய்யும். கணக்கு சரியா என்று பார்க்கும் ஆக்ஸிஜன் சென்சாரோ சுமார் 300 டிகிரிக்குச் சூடானால்தான் வேலை செய்யும். வெடித்த ரப்பர் ஹோஸ் வழியாக அளவில் வராத காற்று புகுந்தால், அந்த இடைவெளியில்தான் வெளியே தெரியும். சென்சார் விழித்ததும் இசியு பெட்ரோலைக் கூட்டி ஓட்டையை ஈடுகட்டிவிடும். எர்ரரை விழுங்கிவிட்டு 'எல்லாம் ஓகே' என்று பதில் சொல்லும் புரோகிராம்களை நானே எழுதியிருக்கிறேன். எனக்கு இது புதிதல்ல.

குளிர்ந்த இன்ஜினின் எல்லா விநோதமும் நோயல்ல. ஆயிரத்துச் சொச்சம் ஆர்பிஎம்மில் ஐட்லிங் ஓடுவது இன்ஜினையும் கேட்டலிஸ்ட்டையும் சீக்கிரம் சூடாக்கத்தான். பிஎம்டபிள்யூ இ46 எம்3-யின் ஆர்பிஎம் மீட்டரில் எச்சரிக்கை விளக்குகள் உண்டு. ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணையும். இப்போதைக்கு இவ்வளவுதான் மிதிக்கலாம் என்று இன்ஜினின் வரம்பை மீட்டரிலேயே எழுதி வைத்தார்கள். அதைக் கேரக்டர் என்றால் ஒப்புக்கொள்வேன். கேரக்டர் வருஷக்கணக்கில் மாறாது. போன மாதம் ரெண்டு நிமிஷம், இந்த மாதம் நாலு நிமிஷம் என்றால் அது நோய்.

நான் முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் செக் இன்ஜின் விளக்கை ஸ்கேனரில் அழித்து, ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் எல்லாம் மாற்றி, பில் போட்டார்கள். அடுத்த மெக்கானிக் சொன்னது ஒன்றுதான்: "ராத்திரி வண்டி இங்கயே கெடக்கட்டும் தம்பி. காலைல நான்தான் சாவி போடோணும்." மேனிஃபோல்டுக்கு அடியில் விரல் தடிமனில் ஒரு ஹோஸ் வெடித்துக் கிடந்தது. அதன் விலை பழைய பில்லில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

சூடாக்கி விற்கிற புரோக்கரும் 'கேரக்டர்' என்று சிலாகிக்கிற ரசிகரும் மறைப்பது அதே நாலு நிமிடத்தைத்தான். ஒருவர் காசுக்கு, இன்னொருவர் காதலுக்கு. வாங்கப் போகிறவர்கள் விடியற்காலையில் போய் முதலில் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன மாதம் என் வண்டியைப் பார்க்க ஒருவர் வருவதாகச் சொன்னார். அவர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால், என் கை தானாகச் சாவியைத் தேடியது. எடுத்த சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, அவர் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.