ஷீட்டில் ஒரு விதி, கையில் ஆயிரம் ரூபாய்: ‘டேட்டா வேலிடேஷன்’ ஏன் முக்கியம்?

“வயது 21-க்குக் கீழே இருந்தால் ஏற்காதே. மொபைல் எண் 10 இலக்கம் இருக்கணும்.” இப்படிச் சொன்னால் போதும், எக்செல் அல்லது கூகுள் ஷீட்டுக்கான விதியை ஏஐ உதவியாளர் நொடியில் எழுதித் தந்துவிடும். நேரம் மிச்சம்தான். ஆனால், அந்த விதி யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது?

டேட்டா வேலிடேஷன் என்றால் என்ன?

ஒரு கட்டத்தில் எதை நிரப்பலாம், எதை நிரப்பக் கூடாது என்று முன்கூட்டியே போடும் கட்டுப்பாடு. எண், தேதி, எழுத்துகளின் நீளம், டிராப் டவுன் பட்டியல் என இதில் பல வகைகள் உண்டு. முன்பு மெனுவுக்குள் போய் நாமே அமைத்தோம். இப்போது ஏஐ உதவியாளர்களும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட், பைத்தான் நிரல்களும் ஆயிரக்கணக்கான கட்டங்களுக்கு ஒரே நேரத்தில் அதைச் செய்துவிடுகின்றன.

இது ஆபீஸ் விஷயம்தானே, நமக்கு என்ன?

கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலை 24 அன்று தருமபுரி மாவட்டம் தொப்பூரில்தான் அதன் விண்ணப்பப் பதிவு முகாமை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய்க்குக் கீழ், மின்சாரப் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குக் கீழ், 2002 செப்டம்பர் 15-க்கு முன் பிறந்திருக்க வேண்டும் என்று அப்போது கேட்கப்பட்டது. எல்லாமே ‘ஆம்/இல்லை’ என்று கணினி பதில் சொல்லக்கூடிய விதிகள்.

வந்த விண்ணப்பங்கள் சுமார் 1.63 கோடி. முதலில் தேர்வானவர்கள் சுமார் 1.06 கோடிப் பேர். மீதி 50 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் காரணம் குறுஞ்செய்தியில் போனது. 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்ற வழியும் தரப்பட்டது. அந்த நவம்பரில் கூடுதலாக 7.35 லட்சம் பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். முதல் வடிகட்டலே முடிவாக இருந்திருந்தால், மாதம் 1,000 ரூபாய் அவர்கள் கைக்குப் போயிருக்காது.

ஊர் அளவில் இது எப்படி நடக்கும்?

தமிழகத்தில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் 1989-ல் தொடங்கியது தருமபுரி மாவட்டத்தில்தான். அதே மாவட்டத்தின் இண்டூரில் ஒரு குழு, உறுப்பினர் பட்டியலை ஷீட்டில் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். விதிகளை ஏஐ எழுதுகிறது. எங்கெல்லாம் சறுக்கும்?

*ஊர்ப் பெயர்:* பழைய ஆவணத்தில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் இன்னொன்று. பட்டியலில் ஒன்று மட்டும் இருந்தால் மற்றது ‘தவறு’ ஆகிவிடும்.

*பின்கோடு:* “தருமபுரி என்றால் 636-ல் தொடங்கும்” என்று கருவி விதி போட்டால், 635305 கொண்ட மொரப்பூர்க்காரர் வெளியே.

*பிறந்த தேதி:* 05/09/2002 என்பது நமக்கு செப்டம்பர் 5. அமெரிக்க அமைப்பில் உள்ள ஷீட்டுக்கு மே 9. அது பிழைச் செய்தியே காட்டாது, அமைதியாக மாறிவிடும்.

*வங்கிக் கணக்கு எண்:* எக்செல் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். “எண் மட்டும் ஏற்கலாம்” என்ற விதி இங்கே ஆபத்து. கட்டத்தை முதலில் டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிட்டு, நீளத்தைச் சரிபார்க்கச் சொல்லணும்.

விதி போட்டாச்சு, இனி பிழை வராதா?

வரும். எக்செலில் விதி போடும் முன்பே இருந்த தரவை அது தானாகத் தடுக்காது. தவறானவற்றை வட்டமிட்டுக் காட்டும் வசதியை நீங்கள்தான் இயக்க வேண்டும். வேறிடத்திலிருந்து காப்பி செய்து ஒட்டினால், விதியைத் தாண்டி தரவு உள்ளே வந்துவிடும். சில சமயம் விதியே அழிந்துபோகும்.

அப்போ என்ன செய்யலாம்?

* கருவி எழுதிய விதியை வாய்விட்டுப் படியுங்கள். ‘3,600-க்குக் கீழ்’ என்பதும் ‘3,600 வரை’ என்பதும் ஒன்றல்ல. எல்லையில் நிற்பவருக்கு அந்த ஒரு யூனிட்தான் எல்லாமே.
* சரியான தரவு ஐந்து, தவறான தரவு ஐந்து போட்டு சோதியுங்கள். சரியானது தடுக்கப்படுகிறதா என்பதை முதலில் பாருங்கள்.
* எக்செலில் ‘நிறுத்து’, ‘எச்சரி’, ‘தகவல் சொல்’ என மூன்று நிலைகள் உண்டு. கூகுள் ஷீட்டில் நிராகரிப்பு அல்லது எச்சரிக்கை. இலக்கக் கணக்குக்கு நிராகரிப்பு சரி; பெயர், ஊர், முகவரிக்கு எச்சரிக்கை போதும்.
* பிழைச் செய்தியைத் தமிழில், காரணத்தோடு எழுதுங்கள். ‘தவறான உள்ளீடு’ என்றால் நிரப்புபவருக்கு ஒன்றும் புரியாது.
* விதிக்குள் அடங்காதவர்களுக்குத் தனி நிரல் ஒன்று வையுங்கள். அதைப் பார்த்து முடிவெடுக்க ஒரு ஆளும் வேண்டும்.

கடைசி விஷயம்தான் முக்கியம். உரிமைத் தொகையில் நான்கு சக்கர வாகனம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இடமில்லை என்பது 2023-ல் போட்ட விதி. அரசு மானியத்தில் அந்த வண்டியை வாங்கியவர்களுக்கு 2025-ல் தளர்வு கிடைத்தது. வண்டி இருக்கிறதா என்பதைக் கணினி சொல்லும். அது ஏன் இருக்கிறது என்று கேட்க மனிதர்தான் வேண்டும்.