ஒட்டினால் டூப்ளிகேட்டா?

போன மாதம் ஒரு கண்காட்சியில் நானே செய்த எலெக்ட்ரிக் கிட்டாரை வைத்திருந்தேன். பார்க்க வந்த ஒருத்தர் ஆசையாகத் தடவினார். "சூப்பரா இருக்கு தம்பி, என்ன மரம்?"

"மேல தேக்கு வெனீர் சார், உள்ள பிளைவுட்."

கை உடனே விலகியது. "ஓ... ஒட்டினதா?" என்றவர் அடுத்த ஸ்டாலுக்குப் போய்விட்டார்.

அந்த "ஒட்டினதா?"வுக்கு அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில், வெனீர் என்பது மைக்கா மாதிரி மர டிசைனை அச்சடித்த ஷீட் இல்லை. நிஜ மரத்தைப் பெரிய கத்தியால் மெல்லிசாகச் சீவி எடுத்த தகடு. கடையில் கிடைப்பது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம்.

சரி, சத்தம் கெடாதா? வீணையோ அகூஸ்டிக் கிட்டாரோ என்றால் அந்தக் கேள்வி நியாயம். அங்கே மேல்பலகை அதிர்ந்துதான் சத்தமே வெளியே வருகிறது. சாலிட் பாடி எலெக்ட்ரிக் கிட்டாரில் கதையே வேற. ஸ்டீல் கம்பி அதிர்கிறது, பிக்கப்பில் உள்ள காந்தப்புலம் மாறுகிறது, காயிலில் வோல்டேஜ் வருகிறது. நாம் படித்த அதே ஃபாரடே விதி. உள்ளே இருக்கிற கட்டை எந்த மரம் என்பது சத்தத்தை மாற்றுமா என்று உலகம் முழுக்கச் சண்டை ஓடுகிறது. அது ஓடட்டும். மேலே ஒட்டிய அரை மில்லிமீட்டரைக் காதால் கண்டுபிடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் கண்ணைக் கட்டிவிட்டு வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்தது எங்க ஊர். நான் மரக்காணத்துக்காரன். கோடையில் உப்பளத்தில் பாத்தி பாத்தியாக உப்பு விளையும். ஐப்பசி மழை வந்தால் அதே பாத்தி தண்ணீருக்குள் போய்விடும். அந்த ஈரத்தை மரமும் உறிஞ்சும். அகலவாக்கில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. பிளைவுட்டில் ஒரு தாளின் ரேகை நெடுக்கிலும் அடுத்த தாளின் ரேகை குறுக்கிலும் இருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். கடற்கரை ஊரில் இது ஏமாற்று வேலை இல்லை, சரியான டிசைன்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் முறை 12 மி.மீ. பிளைவுட்டில் ஒரு பக்கம் மட்டும் பசை தடவி வெனீரை ஒட்டினேன். கிளாம்ப் வாங்கக் காசில்லை. பாலிதீன் ஷீட் விரித்து, மேலே உப்பு மூட்டையை ஏற்றி வைத்தேன். நம்புங்கள், உப்பு மூட்டை அருமையான பிரஸ். பலகையின் வாட்டத்துக்கு அதுவே படிந்து உட்காரும். வெனீர் குமிழி இல்லாமல் ஒட்டியது. ஆனால் ஒரு வாரத்தில் பலகை ஆப்பம் மாதிரி வளைந்துவிட்டது. தெருக்கோடி ஆசாரி அண்ணன் பார்த்துச் சிரித்தார். "ஒரு பக்கம் மட்டும் இழுத்தா வளையாம என்ன பண்ணும்? பின்பக்கமும் ஒட்டுடா." பசையில் நனைந்த வெனீர் காயும்போது சுருங்கிப் பலகையை இழுக்கிறது. பின்பக்கமும் ஒன்று இருந்தால் இரண்டு இழுப்பும் சமமாகிவிடும். இதையெல்லாம் யோசித்துச் செய்வதற்குப் பெயர்தான் "ஒட்டுவது".

இன்னும் நம்பிக்கை வரவில்லையா? குவீன் இசைக்குழுவின் பிரையன் மே வாசிக்கிற 'ரெட் ஸ்பெஷல்' கிட்டாரைப் பாருங்கள். 1963 ஆகஸ்டில், 16 வயதில், எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் சட்டம். அதில் இருந்த பூச்சி ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். உடம்பு பழைய ஓக் மேசைக் கட்டையும் பிளாக்போர்டும். அதன் மேலே? மஹோகனி வெனீர்! 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனை மொட்டைமாடியில் நின்று அவர் வாசித்ததும் அந்தக் கிட்டாரில்தான். "ஒட்டினதா?" என்று யாரும் எழுந்து போகவில்லை.

மரத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். கிட்டார் உடம்பின் கனம் சுமார் 45 மி.மீ. அதே கனத்து ஈட்டி மரத்தை வெனீராகச் சீவினால், கணக்குப்படி 90 தகடு. முன்னும் பின்னும் ஒட்டினாலும் 45 கிட்டாருக்கு வரும். ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா மர இனங்களின் சர்வதேச வணிகத்துக்கு 2017 முதல் கட்டுப்பாடு வந்திருக்கிறது. இந்த நிலையில் முழுக் கட்டையில்தான் கெத்து என்பது எனக்குப் புரியவில்லை.

ஆனால் அந்தப் பெரியவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. வெனீர் ஒட்டிய கட்டிலை "முழுத் தேக்கு" என்று விற்கிறவர்களிடம் ஏமாந்தவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அங்கே தப்பு வெனீர் மேல் இல்லை, வாயைத் திறந்து சொல்லாததில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய மினி ப்ராஜெக்ட்டுக்கு நம் பெயர் போட்ட முதல் பக்கத்தை ஒட்டுகிறோமே, அதுவும் இதே கேஸ்தான். அந்த ஸ்டால்களில் யாரும் "ஒட்டினதா?" என்று கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அடுத்த கண்காட்சிக்கும் அதே கிட்டாரோடு வருவேன். இந்த முறை பின்பக்க வயரிங் மூடியைக் கழற்றி வைக்கப் போகிறேன். பிளைவுட்டின் ஒவ்வொரு தாளும் தெரியட்டும். பார்த்துவிட்டு, வாசித்தும் பார்த்துவிட்டு, அப்புறம் சொல்லுங்கள்.