10-ல் 9 பேருக்கு நஷ்டம்னு தெரிந்தும் ஏன் உள்ளே போகிறோம்?

இந்த வகை ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'நானும் உங்களை மாதிரி மாசச் சம்பளக்காரன்தான்' என்று ஆரம்பிப்பார். அடுத்து, போன் திரையில் பச்சை நிறத்தில் ஒரு லாபத் தொகை. 'இது கல்விக்காக மட்டும், நான் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை' என்று ஒரு வரி வேகமாக ஓடும். கடைசியில் டெலிகிராம் லிங்க்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யாக இல்லாமல் போகலாம். அதனால்தான் இதை எடைபோடுவது கஷ்டம்.

பங்குச்சந்தையின் எஃப் அண்ட் ஓ பிரிவு பற்றி செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில், ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர் டிரேடர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். செலவுகள் போக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தவர்கள் வெறும் 1 சதவீதம்.

இதை அப்படியே திருப்பிப் பாருங்கள். ஒரு கோடியில் 1 சதவீதம் என்றால் ஒரு லட்சம் பேர். அவர்கள் எல்லோரிடமும் உண்மையான லாப ஸ்க்ரீன்ஷாட் இருக்கும். நம் ஃபீடை வருஷம் பூரா நிரப்ப அது தாராளம். நஷ்டப்பட்டவர் ரீல்ஸ் போடுவதில்லை, வீட்டிலேயே சொல்லியிருக்க மாட்டார். ஜெயித்தவர்களை மட்டும் காட்டுவதற்குப் பொய் தேவையில்லை. மற்றவர்கள் கண்ணில் படாமல் இருந்தால் போதும்.

'உங்களை மாதிரிதான்' என்ற வரிக்கு இன்னொரு வேலை. கேட்பவர் சம்பளம், ஊர், வயது எல்லாவற்றையும் சொல்பவரோடு பொருத்திப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். எத்தனை பேரில் ஒருவர் என்று கேட்கத் தோன்றாது. 'பதிவு பெற்றவர் இல்லை' என்பதுகூட ஒரு மாதிரி உதவுகிறது. மறைக்காமல் சொல்றாரே, நேர்மையான ஆளா இருப்பார்னு ஒரு நினைப்பு.

சரி, எச்சரிக்கை இல்லையா? இருக்கிறது. 10-ல் 9 பேருக்கு நஷ்டம் என்ற அறிவிப்பை, 2023 ஜூலை முதல் புரோக்கர்கள் லாகின் செய்யும்போதே காட்ட வேண்டும். 'படித்தேன்' என்று ஒப்புக்கொண்டால்தான் உள்ளே போக முடியும். ஆனாலும் 2021-22-ல் சுமார் 51 லட்சமாக இருந்த தனிநபர் டிரேடர்கள், 2023-24-ல் சுமார் 96 லட்சம் ஆனார்கள். அவர்களில் 30 வயதுக்கு உட்பட்டவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31-லிருந்து 43 சதவீதமானது.

என் கணிப்பு இது: '9 பேர்' என்று படிக்கும்போது யாரும் தன்னை அந்த ஒன்பதில் சேர்ப்பதில்லை. அந்தப் பத்தாவது ஆள் நாமதான். ரீல்ஸில் முகம், சம்பளம், கதை எல்லாம் இருக்கிறது. எச்சரிக்கையில் இருப்பது ஓர் எண். அதுவும் தினமும் க்ளிக் செய்து தள்ளிவிடும் எண்.

செபியின் எண்களையும் அப்படியே விழுங்க வேண்டாம். நஷ்டப்பட்டவர் ஒவ்வொருவருக்கும் சராசரியாக 2 லட்சம் ரூபாய் போனது என்பதுதான் தலைப்புச் செய்தியானது. அதே அறிக்கையில், நஷ்டப்பட்டவர்களில் மேல்நிலை 3.5 சதவீதம் பேர் சராசரியாக 28 லட்சம் இழந்திருக்கிறார்கள். நஷ்டப்பட்ட 100 பேரை எடுத்துக்கொண்டால், மொத்த நஷ்டம் 200 லட்சம். அதில் 98 லட்சம் அந்த மூன்று, நான்கு பேருடையது. மற்றவர்களின் சராசரி சுமார் ஒரு லட்சம்தான். சராசரி தப்பில்லை. ஆனால் யாருடைய நஷ்டம் என்பதை அது கலக்கிவிடுகிறது. ஒரு லட்சமும் சின்னத் தொகை இல்லை என்பது வேறு விஷயம். 2023-24-ல் டிரேட் செய்த தனிநபர்களில் 75 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழ் என்று சொன்னவர்கள்.

2024-25-ல் நஷ்டப்பட்டோர் 91 சதவீதம். நிகர நஷ்டம் சுமார் 1.05 லட்சம் கோடி ரூபாய்.

ரீல்ஸ், எச்சரிக்கை இரண்டிலும் வராத ஒருவர் இருக்கிறார்: எதிர்ப்பக்கம் நிற்பவர். ஆப்ஷன்ஸில் ஒருவரின் லாபம் இன்னொருவரின் நஷ்டம். 2023-24-ல் சொந்தக் கணக்கில் டிரேட் செய்யும் நிறுவனங்கள் 33,000 கோடி, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 28,000 கோடி லாபம் பார்த்தார்கள். மொத்தம் 61,000 கோடி. அதே ஆண்டில் தனிநபர்களும் பிறரும் இழந்தது, செலவுகளைச் சேர்க்காமலேயே, 61,000 கோடிக்கு மேல். அந்த இரு தரப்பின் லாபத்தில் 96, 97 சதவீதம் அல்காரிதம் வைத்துச் சம்பாதித்தது. கோர்ஸ் விற்பவர் உங்களை அனுப்புவது அந்தக் கணினிகளுக்கு எதிரேதான். அவருடைய கட்டணம் முன்கூட்டியே வந்துவிடும்.