வீதியில் குவித்த கிறவலுக்கு யார் பொறுப்பு?



இம்மாதம் வந்த கடிதங்களில் ஒன்று நான்கு பக்கம். எழுதியவர் ஓட்டோ ஓடிப் பிழைக்கும் ஒருவரின் மனைவி. பெயரும் ஊரும் வேண்டாம், சம்பவம் நடந்தது கிரானில் என்று மட்டும் போடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அப்படியே செய்கிறேன்.

மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர், செங்கலடி, சித்தாண்டி, சந்திவெளி தாண்டி வாழைச்சேனைக்குப் போகும் வழியில் கிரானைத் தெரியாதவர்கள் நம் பக்கத்தில் இல்லை. அங்கே ஓர் உள்வீதியில் மதகு கட்டும் வேலை. கொந்தராத்துக்காரரின் ஆட்கள் கிறவலைப் பாதி வீதிக்குக் குவித்துவிட்டு, மாலையானதும் போய்விட்டார்கள். விளக்கும் இல்லை, சிவப்புத் துணி கட்டிய கம்பும் இல்லை. மஃரிபுக்குப் பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு வந்த அவருடைய கணவர், வீட்டில் இறக்குமுன் மருந்து வாங்குவதற்காக அந்த வீதிக்குள் திரும்பியிருக்கிறார். எதிரே வந்த லொறிக்கு இடம் விட ஒதுங்கியபோது முன்சில்லு கிறவலில் ஏறி ஓட்டோ சாய்ந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் பெரிய காயமில்லை. முன் போர்க் வளைந்தது, கண்ணாடி உடைந்தது, ஹுட் கம்பி முறிந்தது. பதினொரு நாள் வண்டி கராஜில். பதினொரு நாளும் அடுப்பு எரிந்தது கடனில்.

மறுநாள் கணவர் வேலைத்தளத்துக்குப் போய்க் கேட்டதற்கு மேற்பார்வையாளர் சொன்ன முதல் பதில், "விதி, காக்கா. யாரால் மாற்ற முடியும்?" என்பது. காசு கொடுக்க வேண்டிய இடத்தில் மட்டும் நமக்கு விதியின் மேல் இவ்வளவு உறுதி எங்கிருந்துதான் வருகிறதோ! அதே மனிதரின் கிறவலை இரவில் யாராவது பத்துத் தாச்சி அள்ளிக்கொண்டு போயிருந்தால் அதை விதி என்று விட்டிருப்பாரா?

சகோதரி கேட்பது இதுதான். நட்டஈடு கேட்பது பேராசையா, உரிமையா? கராஜ்காரர், "பில்லைக் கொஞ்சம் கூட்டி எழுதித் தருகிறேன், அவர்கள் எப்படியும் பாதிதான் தருவார்கள்" என்கிறார், அதற்கு உடன்படலாமா? வந்த தாயும் மகளும் பாதி வழியில் இறங்கி பஸ்ஸில் போய்விட்டார்கள், கூலி கொடுக்கவில்லை, அதைக் கேட்கலாமா?

முதல் கேள்விக்கு நம் பிக்ஹு நூல்களில் ஆச்சரியப்படும் அளவுக்கு விரிவான பதில் இருக்கிறது. ஹிஜ்ரி 676ல், அதாவது 1277ல், வபாத்தான இமாம் நவவி (றஹ்) அவர்களின் மின்ஹாஜைப் பாருங்கள். ஓட்டோவும் தாரும் இல்லாத காலத்து நூல். ஆனால் வீதியில் தோண்டிய குழியில் ஒருவர் விழுந்தால் யார் பொறுப்பு என்பது வகை வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒடுங்கிய பாதையில் போவோர் வருவோருக்கு இடைஞ்சலாகத் தோண்டினால், தோண்டியவர்தான் ஈடு கொடுக்க வேண்டும். இடைஞ்சல் தராத பாதையில் ஆட்சியாளரின் அனுமதியோடு தோண்டினால் பொறுப்பில்லை. அனுமதியின்றித் தன் சொந்த நன்மைக்காகத் தோண்டினால் பொறுப்பு உண்டு. பொது நன்மைக்காகத் தோண்டியிருந்தால், வலுவான கருத்தின்படி இல்லை.

"மதகு பொது நன்மைதானே, அரசாங்க அனுமதியும் இருக்கிறதே" என்று கொந்தராத்துக்காரர் இதைப் பிடித்துக்கொள்ளலாம். அதற்கும் விரிவுரையாளர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். ஒடுங்கிய பாதையில் ஆட்சியாளர் அனுமதித்திருந்தாலும் பொறுப்பு நீங்காது. ஏனென்றால் மக்களுக்குத் தீங்கு தரும் ஒன்றை அனுமதிக்கும் அதிகாரமே ஆட்சியாளருக்கு இல்லை. என் அபிப்பிராயமும் அதுதான். மதகு கட்டத்தான் அவருக்கு அனுமதி கொடுத்தார்கள். பாதி வீதியை இருட்டில் மூடிவைக்க யாரும் அனுமதி கொடுக்கவில்லை.

இதே பாடத்தில் இன்னும் இரண்டு சட்டங்கள் உண்டு. அவை கொந்தராத்துக்காரருக்கு அல்ல, வீட்டில் இருக்கும் உங்களுக்கும் எனக்கும் உரியவை. கூரைத் தண்ணீர் விழும் பீலியை வீதிப் பக்கம் நீட்டலாம், ஆனால் அதனால் ஏதும் சேதமானால் ஈடு கொடுக்க வேண்டும். ஆகும், ஆனால் பொறுப்பு உண்டு! குப்பையையும் வத்தகப்பழத் தோலையும் பாதையில் எறிந்து, அதில் ஒருவர் வழுக்கி விழுந்தாலும் சரியான கருத்தின்படி எறிந்தவர் பொறுப்பு. பீலி என்றதும் உமர் (ரழி) அவர்களின் சம்பவம் நினைவுக்கு வரும். அப்பாஸ் (ரழி) அவர்களின் வீட்டுப் பீலியிலிருந்து இரத்தம் கலந்த தண்ணீர், ஜும்ஆவுக்குப் புறப்பட்ட கலீபாவின் உடையில் விழுந்தது. பீலியைக் கழற்றச் சொன்னார்கள். பிறகு, அதை அந்த இடத்தில் வைத்தது நபி (ஸல்) அவர்களே என்று அப்பாஸ் (ரழி) சொன்னதும், தன் முதுகில் ஏறி நின்று அதைத் திரும்ப வைக்கும்படி கலீபா வற்புறுத்தினார்கள் என்று முஸ்னத் அஹ்மதில் வருகிறது.

புது வீடு கட்டுகிறோம், மணலையும் கல்லையும் வாசலுக்கு வெளியே வீதியில் பறிக்கிறோம். "பாஸ் பார்த்துக்கொள்வார்" என்று உள்ளே போய்விடுகிறோம். பாஸ் மாலையில் வீட்டுக்குப் போகிறார். இருட்டில் அந்த மணலில் பிள்ளையோடு விழும் சைக்கிள்காரருக்கு யார் பதில் சொல்வது? இங்கிலாந்தில் 1899ல் விம்பிள்டன் நகரசபைக்கு எதிராக இதே போன்ற வழக்கு நடந்தது. சபை கொந்தராத்துக்காரரிடம் வீதி வேலையைக் கொடுத்தது. அவர் மண்ணையும் புல்லையும் குவித்து விளக்கு வைக்காமல் போனார். இருட்டில் நடந்து வந்தவர் தடுக்கி விழுந்து காயப்பட்டார். "செய்தது கொந்தராத்துக்காரர், நாங்கள் அல்ல" என்ற சபையின் வாதம் எடுபடவில்லை. பொது வீதியில் ஆபத்தான வேலையைச் செய்விப்பவர், பொறுப்பை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்க முடியாது என்று தீர்ப்பானது.

அண்மைக் காலத்திலும் பார்த்தோம். 2017 ஏப்ரல் 9ஆந் திகதி, சென்னை அண்ணா சாலையில் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிய இடத்துக்கு மேலே வீதி உள்வாங்கி, ஓர் அரசு பஸ்ஸும் காரும் பள்ளத்தில் இறங்கின. பயணிகள் தப்பினார்கள். பகல் நேரம், பெருநகரம், பட்டப்பகலில் எல்லோரும் பார்த்த பள்ளம்; ஆகவே யாரும் மறுக்க முடியவில்லை. 2025 ஒக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், வீதிக் குழியாலும் திறந்து கிடக்கும் மேன்ஹோலாலும் உயிரிழப்பவரின் குடும்பத்துக்கு 6 இலட்சம் இந்திய ரூபாவும், காயப்படுவோருக்கு 50,000 முதல் இரண்டரை இலட்சம் வரையும் கொடுக்க வேண்டும், பொறுப்பான அதிகாரிகளும் கொந்தராத்துக்காரரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றது. கிரானின் உள்வீதிக்குப் பத்திரிகைக்காரர் வரமாட்டார். கிறவலும் மறுநாள் மதகுக்குள் போய்விடும். ஆகவே சாட்சியை நாமே தேடி வைக்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டத்தில் இப்படியான நட்டஈடு உரோம டச்சுச் சட்டத்தின் கீழ் வருகிறது. எதிர்த் தரப்பின் கவனக்குறைவையும், அதனால் ஏற்பட்ட பண நட்டத்தையும் காட்ட வேண்டும். அன்றே பொலிசில் முறைப்பாடு பதிந்திருக்க வேண்டும். சகோதரியின் கணவர் பதிந்திருக்கிறார், நல்லது. கிறவல் கிடந்த நிலையில் போட்டோ, வீதியின் அகலம், அந்த இடத்துக் கடைக்காரரின் வாக்கு, வேலைப் பலகையில் எழுதியிருக்கும் நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றையும் சேர்த்து வைக்கட்டும். வீதி யாருடையது என்று விசாரிக்க வேண்டும். பிரதான வீதியென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, மற்றது மாகாண வீதித் திணைக்களமாகவோ பிரதேச சபையாகவோ இருக்கலாம். பெரிய வீதி வேலைகளின் ஒப்பந்தத்தில் மூன்றாம் ஆளின் உடைமைக்கு ஏற்படும் சேதத்துக்காகக் கொந்தராத்துக்காரர் காப்புறுதி எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். "உங்கள் காப்புறுதி எங்கே?" என்று எழுத்தில் கேட்டாலே பாதி மேற்பார்வையாளர்களின் குரல் இறங்கிவிடும். நம் ஓட்டோக்களில் பலவற்றுக்கு இருப்பதோ கட்டாயக் காப்புறுதி மட்டும். அது மற்றவருக்கு ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும்தான், சொந்த வண்டியின் போர்க்கை அது நிமிர்த்தித் தராது.

சிறு தொகைப் பிணக்குகளை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைக்குத்தான் முதலில் கொண்டுபோக வேண்டும். அங்கு சட்டத்தரணி தேவையில்லை. பெண்களும் தயங்காமல் போய்ப் பேசலாம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதலாமா என்றும் சகோதரி கேட்டிருக்கிறார். இந்த விடயத்தில் அது பொருந்தாது, ஏனென்றால் அவர் கணவர் அந்தக் கொந்தராத்துக்காரரிடம் எதையும் வாங்கியவர் அல்ல, வீதியால் போனவர். நீங்கள் காசு கொடுத்து ஒருவரிடம் பெற்ற சேவை பிழைத்தால்தான் அந்தக் கதவு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும்.

மேற்பார்வையாளர், "வேகமாக வந்தால் சாயத்தான் செய்யும்" என்றும் சொன்னாராம். இதைத் தட்டிக் கழிக்க முடியாது. ஓடியவரிடமும் பிழை இருந்தால் அந்த அளவுக்கு நட்டஈட்டைக் குறைக்க 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. இரு சவாரிக்காரர் மோதிக்கொண்டால் ஒவ்வொருவரும் மற்றவரின் நட்டத்தில் பாதியைச் சுமக்க வேண்டும் என்பது ஷாபிஈ பிக்ஹிலும் உள்ளதுதான். வேகமாக வந்தாரா இல்லையா என்பது கணவருக்குத் தெரியும். வீட்டில் மனைவியிடம் சொன்னதையே சபையிலும் சொல்லட்டும்.

இனி அந்தப் பில். சகோதரிகளே, இதைப் பற்றிய ஹதீஸை நமக்கு அறிவித்ததே ஒரு பெண்மணி, உம்மு ஸலமா (ரழி) அவர்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நானும் மனிதன்தான், வழக்கோடு வருபவர்களில் ஒருவர் மற்றவரைவிட வாய்த்திறமை உள்ளவராக இருக்கலாம், கேட்டதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறேன், அப்படித் தன் சகோதரனின் உரிமையை எடுத்துக்கொள்பவர் நெருப்புத் துண்டையே எடுக்கிறார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நபியவர்களின் தீர்ப்பே ஹலாலாக்காத ஒன்றை, கராஜ்காரரின் பேனா ஹலாலாக்குமா? "அவர்கள் பாதிதான் தருவார்கள்" என்பது அவர்களுடைய அநியாயம். அதை ஈடுகட்ட நம் பக்கம் ஒரு பொய்யை முன்கூட்டியே சேமித்து வைக்க முடியாது. கண்ணாடியில் முன்பே ஒரு கீறல் இருந்தது என்று கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள், மகளே. சேதமான பொருளுக்கு, சேதமான வேளையில் இருந்த பெறுமதிதான் ஈடு. புதுக் கண்ணாடியின் விலையைக் கேட்கும்போது அந்தக் கீறலையும் சொல்லிவிடுங்கள்.

பதினொரு நாள் உழைப்பைக் கேட்கலாமா என்றால், பழைய நூல்கள் பொருளின் சேதத்தையே முதன்மையாகக் கணக்கிடுகின்றன. கைக்கு வராத உழைப்பைப் பற்றி அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. நாட்டுச் சட்டம் நிரூபிக்கக்கூடிய வருமான இழப்பைக் கேட்க இடம் தருகிறது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் மாதக் கூலிக் கொப்பி இருக்கிறதாம். அது போதிய ஆதாரம், அதில் உள்ளதை மட்டும் கேட்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

தாயும் மகளும் தர வேண்டிய கூலி பற்றி: வாடகைக்கு எடுத்த சவாரி மிருகம் வழியில் இறந்துவிட்டால், மீதி வழிக்கான ஒப்பந்தம் முறிந்துவிடும், கடந்த வழிக்குரிய பங்கு நிலைக்கும் என்பது மின்ஹாஜின் சட்டம். ஓட்டோவுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். கிரான் வரைக்குமான கூலி அவருக்குரியது. நோயாளித் தாயாயிற்றே என்று விட்டுக்கொடுத்தால் அது ஸதகா, அதை அவர் தன் விருப்பத்தோடு செய்ய வேண்டும். வாங்காமல் விட்டு ஊரெல்லாம் சொல்லித் திரிவதைவிடக் கேட்டு வாங்குவது மேல்.

கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை. மேற்பார்வையாளர் இரண்டாம் முறை வந்து, பில்லின் மூன்றிலொரு பங்கைக் கையில் தந்து ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். கிறவல் பறித்த பையனின் சம்பளத்தில்தான் இதைக் கழிக்கிறோம் என்றும் சொல்லியிருக்கிறார். பையனை வாதத்துக்குள் இழுத்தது உங்கள் மனதை இளக்குவதற்காக. எங்கே பறிக்கச் சொன்னார்களோ அங்கே பறித்தவன் அவன். வேலைக்காரன் வேலையின்போது செய்ததற்கு முதலாளி பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் நாட்டுச் சட்டமும். அந்தப் பையனின் சம்பளத்தில் வரும் காசு வேண்டாம், நிறுவனத்தின் காசுதான் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

தாள் சிங்களத்தில் இருக்கிறது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்கிறீர்கள். போடுமுன் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் வரிக்கு வரி வாசிப்பியுங்கள். இனி எந்த உரிமையும் கேட்கமாட்டேன் என்ற வசனம் அதில் இருந்தால், முழுத் தொகையும் கைக்கு வராமல் கணவர் பேனாவைத் தொட வேண்டாம். அவசரமும் இல்லை. இப்படியான வழக்குக்கு இரண்டு வருடத் தவணை இருக்கிறது. பிரதேச சபை மேல் வழக்கென்றால் தவணை அதைவிடக் குறுகியது, முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தலும் கொடுக்க வேண்டும். ஆகவே வீதி யாருடையது என்பதை இந்த வாரமே கிரான் பிரதேச செயலகத்தில் விசாரித்துவிடுங்கள்.