போட்டி வளர்த்ததா, பகிர்வு வளர்த்ததா?



பள்ளிப் பேச்சுப் போட்டியில் விஞ்ஞானத்தைப் பற்றிப் பேச எழுந்தால் ஒரு வாதம் தவறாமல் வந்துவிடும். "அமெரிக்காவும் சோவியத் யூனியனும் போட்டி போட்டதால்தான் மனிதன் நிலவுக்குப் போனான். பகை இல்லாவிட்டால் ராக்கெட்டும் இல்லை, செயற்கைக் கோளும் இல்லை" என்பார்கள். கைதட்டலும் கிடைக்கும். இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மறு பாதியை யாரும் சொல்வதில்லை. அதைப் பற்றித்தான் இங்கே உங்களோடு பேசப் போகிறோம்.

முதலில் கதைச் சுருக்கம். இரண்டாம் உலகப் போரில் இவ்விரு நாடுகளும் ஒரே அணியில் நின்று ஹிட்லரை எதிர்த்தவை. போர் முடிந்ததும் பிரிந்தன. ஒன்று தனியுடைமையையும் சந்தையையும் நம்பியது; மற்றொன்று பொதுவுடைமையையும் அரசின் திட்டமிடுதலையும் நம்பியது. தன் வழியே உலகம் முழுமைக்கும் ஏற்ற வழி என்று இரண்டுமே சாதித்தன. இருவரின் படைகளும் நேருக்கு நேர் போரில் இறங்காமல் நாற்பதாண்டுகளுக்கு மேல் நீடித்த இந்தப் பகையைப் 'பனிப்போர்' என்கிறோம். 1991ஆம் ஆண்டு சோவியத் யூனியன் கலைந்ததோடு அது முடிந்தது.

1945இல் அமெரிக்கா அணுகுண்டு வீசியது. 1949 ஆகஸ்டில் சோவியத் யூனியனும் அணுகுண்டு வெடித்தது. 1952இல் அமெரிக்கா அதைவிடப் பெரிய ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. 1961 அக்டோபர் 30 அன்று சோவியத் யூனியன் வெடித்த குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 50 மெகாடன். ஹிரோஷிமாவை அழித்த குண்டைப் போல மூவாயிரம் மடங்குக்கும் மேல்! இத்தனை பெரிய குண்டால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டால் விடை கிடையாது. எதிரியை விட ஒரு படி மேலே நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

பந்தயம் தந்தது என்ன?

நியாயமாகப் பேசுவோம். பந்தயம் சில நன்மைகளையும் தந்தது. 1957 அக்டோபர் 4 அன்று 83.6 கிலோ எடையுள்ள ஸ்புட்னிக் பூமியைச் சுற்றத் தொடங்கியதும் அமெரிக்கா விழித்துக்கொண்டது. மறு ஆண்டே நாசா நிறுவப்பட்டது. கணிதம், விஞ்ஞானக் கல்விக்குப் பணம் ஒதுக்கச் சட்டம் வந்தது. 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் 108 நிமிடங்களில் விண்வெளிப் பயணத்தை முடித்துத் திரும்பினார். 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் நிலவில் காலடி வைத்தார். ஸ்புட்னிக்கிலிருந்து நிலவு வரை பன்னிரண்டே ஆண்டுகள்! பகை பணப்பெட்டியைத் திறந்தது என்பதை நாம் மறுக்க முடியாது.

ஆனால் அந்தப் பணம் எதற்காகச் செலவானது என்று பாருங்கள். நிலவில் நடந்தவர்கள் 12 பேர். அவர்களில் ஒரே ஒருவர்தான் தொழில்முறை விஞ்ஞானி: ஹாரிசன் ஷ்மிட் என்ற நிலவியலாளர். அவருக்கு இடம் கிடைத்தது 1972 டிசம்பரில் நடந்த கடைசிப் பயணத்தில்! அதற்குப் பின் திட்டமிட்டிருந்த மூன்று பயணங்கள் முன்பே கைவிடப்பட்டிருந்தன. பந்தயத்தில் வென்றாகிவிட்டது, இனிப் பணம் எதற்கு என்ற எண்ணம் வந்துவிட்டது. நிலவின் கற்களைப் பற்றி அறிய வேண்டியது ஏராளமாக இருந்தும் அரை நூற்றாண்டுக்கு மேல் யாரும் அங்கே கால் வைக்கவில்லை.

பூட்டி வைத்த ஓர் எச்சரிக்கை

இன்னொரு செலவும் உண்டு. அது கணக்குப் புத்தகத்தில் வராது.

ககாரின் பறப்பதற்கு இருபது நாட்களுக்கு முன், 1961 மார்ச் 23 அன்று, விண்வெளிப் பயிற்சியில் இருந்த வாலன்டின் பொண்டரென்கோ என்ற 24 வயது இளைஞர் காற்றழுத்த அறையில் தனிமைச் சோதனையில் இருந்தார். அந்த அறைக் காற்றில் ஆக்சிஜனின் அளவு மிக அதிகம். உடலில் ஒட்டியிருந்த கருவிகளை எடுத்துவிட்டு, ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தோலைத் துடைத்தார். தூக்கிப் போட்ட பஞ்சு சூடான மின்னடுப்பின் மேல் விழுந்தது. சாதாரணக் காற்றில் ஒரு சிறு தீயாக அணைந்திருக்கக் கூடியது, அங்கே நொடியில் எங்கும் பரவியது. உள்ளும் புறமும் அழுத்த வேறுபாடு இருந்ததால் கதவைத் திறக்கவும் நேரமாயிற்று. அவர் இறந்தார். இந்தச் செய்தி 1986 வரை சோவியத் பத்திரிகைகளில் வெளிவரவில்லை.

1967 ஜனவரி 27 அன்று அமெரிக்காவில் அப்போலோ விண்கலத்தைத் தரையில் வைத்துச் சோதித்தார்கள். உள்ளே கிரிசம், வைட், சாஃபி என்ற மூவர். அறை முழுவதும் தூய ஆக்சிஜன். எங்கோ ஒரு பொறி பறந்தது. கதவு உட்புறமாகத் திறப்பது. உள்ளே அழுத்தம் கூடியதால் திறக்க முடியவில்லை. மூவரும் மாண்டார்கள். அதன் பிறகுதான் புறப்படும் நேரத்தில் நைட்ரஜன் கலந்த காற்றை நிரப்பினார்கள். கதவையும் வெளிப்புறமாகத் திறக்கும்படி மாற்றினார்கள்.

பொண்டரென்கோவின் முடிவு தெரிந்திருந்தால் இந்த மூவரும் பிழைத்திருப்பார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆக்சிஜனில் தீ வேகமாகப் பரவும் என்பது அமெரிக்கர்களும் அறிந்ததுதான். ஆனால் ஏட்டில் படிப்பது வேறு. தங்களைப் போலவே பயிற்சி செய்த ஒருவர் கருகிச் செத்தார் என்று கேட்பது வேறு. அந்த எச்சரிக்கை ஆறு ஆண்டுகளாக ஓர் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. தோல்வியைச் சொன்னால் எதிரி சிரிப்பான் என்பதே காரணம்.

ஒரே காற்றைச் சுவாசித்தவர்கள்

இப்போது 1975ஆம் ஆண்டுக்கு வாருங்கள். அமெரிக்க அப்போலோவும் சோவியத் சோயுஸும் விண்வெளியில் இணைவது என்று இரு அரசுகளும் 1972இலேயே ஒப்பந்தம் செய்திருந்தன. இங்கே மறைப்பதற்கு வழியே இல்லை. சோயுஸின் உள்ளே நம் வீட்டுக் காற்றைப் போன்ற காற்று, அதே அழுத்தத்தில். அப்போலோவின் உள்ளே தூய ஆக்சிஜன், மூன்றில் ஒரு பங்கு அழுத்தத்தில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேராகப் போனால் இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன், சோடாப் புட்டியைத் திறந்தாற்போலக் குமிழியிடும், உயிருக்கே ஆபத்து. ஆகவே இடையில் ஓர் இணைப்பு அறையைக் கட்டினார்கள். சோயுஸின் அழுத்தத்தையும் குறைத்தார்கள். இணைப்புப் பொறியை இரு நாட்டுப் பொறியாளர்களும் சேர்ந்து வடிவமைத்தார்கள். அமெரிக்கர்கள் ருஷ்ய மொழியையும் ருஷ்யர்கள் ஆங்கிலத்தையும் கற்றார்கள். ஜூலை 17 அன்று ஸ்டாஃபோர்டும் லியனோவும் கைகுலுக்கினார்கள்.

அந்தப் பொறியின் வழிவந்த அமைப்புகளே பின்னாளில் அமெரிக்க விண்ணோடங்கள் ருஷ்யாவின் மீர் நிலையத்தோடும், பிறகு சர்வதேச விண்வெளி நிலையத்தோடும் இணைய உதவின.

உங்கள் நாக்கில் விழுந்த சொட்டு

நீங்கள் குழந்தையாக இருந்தபோது உங்கள் வாயில் போலியோச் சொட்டு மருந்து விட்டிருப்பார்கள். அதன் கதை தெரியுமா?

இளம்பிள்ளை வாதம் என்னும் போலியோ 1952இல் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 58,000 பேரைத் தாக்கியது. ஆல்பர்ட் சேபின் என்ற அமெரிக்க விஞ்ஞானி, வலுக்குறைத்த வைரஸைக் கொண்டு வாய்வழி மருந்து ஒன்றை உருவாக்கினார். ஆனால் அமெரிக்காவில் ஏற்கெனவே சால்க்கின் ஊசி மருந்தைக் கோடிக்கணக்கானோர் போட்டுக்கொண்டிருந்தனர். புதிய மருந்தைப் பெரிய அளவில் சோதிக்க இடமில்லை. போலியோ பரவிக்கொண்டிருந்த சோவியத் யூனியனில் மிகைல் சுமாக்கோவ் என்ற விஞ்ஞானி இருந்தார். குண்டுகள் குவிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், சேபின் தன் வைரஸ் வித்துக்களை அவருக்கு அனுப்பினார். சுமாக்கோவும் அவர் மனைவி வொரோஷிலோவாவும் முதலில் தாங்களே உட்கொண்டார்கள். தம் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். 1959இல் ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்கு மருந்து சென்றது. அதைச் சிலருக்கு மிட்டாயில் வைத்துக் கொடுத்தார்கள்! அந்தச் சோதனை வெற்றி பெற்ற பிறகே, 1961 முதல் அமெரிக்காவும் அதற்கு அனுமதி அளித்தது. அந்தச் சொட்டு மருந்தால்தான் 2014 மார்ச்சில் இந்தியா போலியோ அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது.

எதிரி நாட்டு மருந்து என்று சுமாக்கோவ் ஒதுக்கியிருந்தால்? எதிரிக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று சேபின் நினைத்திருந்தால்? நம் தெருக்களில் ஊன்றுகோலோடு நடக்கும் பிள்ளைகள் இன்னும் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

"அப்படியானால் நாட்டின் பாதுகாப்பு ரகசியங்களையும் ஊரறியச் சொல்லிவிடலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் எது ஆபத்து, எது நோய், எது தோற்ற சோதனை என்ற செய்திகள் எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமானவையாக இருக்கக் கூடாது என்பதே நம் கருத்து.

இது பழங்கதை என்று விட்டுவிடாதீர்கள். நிலவுக்கும் செயற்கை அறிவுக்கும் புதிய நாடுகள் புதிய பந்தயங்களில் இறங்கியிருக்கின்றன. நம் நாடும் ஓடுகிறது. வெற்றி பெறும்போது மகிழுங்கள், அதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு வெற்றிச் செய்தியைப் படிக்கும்போதும் ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: இவர்கள் தங்கள் சோதனையில் பழுதானதை யாரிடம் சொன்னார்கள்?

அடுத்த முறை பேச்சுப் போட்டியில் அந்தப் பழைய வாதம் வந்தால், எழுந்து பொண்டரென்கோவின் கதையையும் சுமாக்கோவின் கதையையும் அடுத்தடுத்துச் சொல்லுங்கள். தீர்ப்பை அவையோர் சொல்லட்டும்.