மின்கார் வாங்கலாமா?



வீட்டிற்கு ஒரு பொருளை வாங்குவது சில வேளைகளில் வெறும் கொடுக்கல் வாங்கல் அன்று. கறவை மாடாயினும், தையல் இயந்திரமாயினும், காணி நிலமாயினும், அதனை வாங்கும் நாளிலேயே குடும்பம் தன் வருங்காலத்தைப் பற்றி ஒரு தீர்மானம் செய்துவிடுகிறது. இன்று நடுத்தரக் குடும்பங்களின் உணவு மேசையில் அடிக்கடி எழும் அத்தகைய கேள்வி, மின்சாரத்தால் ஓடும் கார் வாங்கலாமா என்பது.

திண்டுக்கல் மாவட்டத்து ஊர் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியர் நமக்கு எழுதியுள்ளார். அவருடைய தாயாருக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு, வாரம் இருமுறை மதுரைக்கு டயாலிசிஸ் செய்ய அழைத்துச் செல்ல வேண்டியுள்ளது. போக 60 கிலோமீட்டர், வர 60 கிலோமீட்டர். வாடகைக் காருக்குக் கொடுத்து மாளவில்லை. வைப்பு நிதியிலிருந்து கடன் எடுத்துச் சொந்தமாகக் கார் ஒன்று வாங்கியே தீர வேண்டும் என்ற நிலை. மின்கார் வாங்கினால் செலவு குறையும் என்கிறார் கணவர். "நடுவழியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் நோயாளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று கேட்கிறார் மனைவி. கணவரின் கணக்கிலும் நியாயம் உண்டு. மனைவியின் அச்சத்திலும் நியாயம் உண்டு. இரண்டையும் நிதானமாக எடை போடுவோம்.

முதலில் ஒரு செய்தி. மின்கார் நேற்றுப் பிறந்த புதுமை அன்று. 1899ஆம் ஆண்டிலேயே பெல்ஜிய நாட்டவரான கமில் ஜெனட்ஸி என்பவர் மின்சாரத்தால் ஓடிய வண்டியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிச் சாதனை புரிந்தார். பின்னர் மலிவான பெட்ரோலும், 1912இல் காடிலாக் கார்களில் வந்த மின் ஸ்டார்ட்டரும், பெட்ரோல் காரையே அரியணையில் அமர்த்தின. நம் நாட்டில் 2001இல் பெங்களூரில் 'ரேவா' என்னும் சிறு மின்கார் வெளிவந்தது. ஈயமும் அமிலமும் கொண்ட மின்கலத்தால் அது சுமார் 80 கிலோமீட்டரே ஓடியது. நிலைமையை மாற்றியது லித்தியம் அயனி மின்கலம். அதனை உருவாக்கிய குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் டாட்டாவின் நெக்ஸான் மின்கார் வந்தபின், நம் ஊர்த் தெருக்களிலும் இவ்வண்டிகள் பழகிய காட்சியாகிவிட்டன.

இனித் தூரத்தைப் பற்றிப் பேசுவோம். விளம்பரத்தில் காணும் தூரம் வேறு. சாலையில் கிடைக்கும் தூரம் வேறு. மேற்சொன்ன நெக்ஸான் கார் முதலில் வந்தபோது அதன் மின்கலம் 30.2 யூனிட் கொள்ளளவு உடையது. சோதனைக் கூடத்தில் கண்ட தூரம் 312 கிலோமீட்டர். அன்றாட ஓட்டத்தில் கிடைத்ததோ 200 கிலோமீட்டரை ஒட்டியே. இதில் வஞ்சகம் ஏதுமில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப உயர்வது; ஆகவே நான்கு வழிச் சாலையில் 100இல் பறப்பவருக்குத் தூரம் குறையும்; 70இல் செல்பவருக்குக் கூடும். எனவே விளம்பரத் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கையே நம் தூரமாகக் கொள்ள வேண்டும். இந்தக் கடுமையான கணக்கின்படியும் ஆசிரியரின் 120 கிலோமீட்டர் பயணம் ஒரே சார்ஜில் முடிந்து, மேலும் 80 கிலோமீட்டருக்கு இருப்பு எஞ்சும். மின்கலம் ஆண்டுகள் செல்லச் செல்லச் சிறிது தளரும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலும் 160 கிலோமீட்டர் நிற்கும். அப்போதும் தாயார் வீடு வந்து சேர்வார். இன்று இதனினும் பெரிய மின்கலங்களோடு கார்கள் வருவதால், இக்குடும்பத்திற்குத் தூரம் ஒரு தடையாகாது.

அடுத்தது பணம். மாதம் எட்டு முறை மதுரைப் பயணம் என்றால் 960 கிலோமீட்டர். பள்ளிக்கும் கடைக்கும் கோவிலுக்குமாகச் சேர்த்து 1,250 என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார் 83 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் மாதம் 8,300 ரூபாய். மின்கார் ஒரு யூனிட்டுக்கு ஆறு அல்லது ஏழு கிலோமீட்டர் ஓடும். சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்தால் மாதம் சுமார் 210 யூனிட் ஆகும். இங்கே பலரும் காணத் தவறும் ஒரு நுட்பம் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரு மாதங்களுக்கு ஒருமுறை படிப்படியாக உயரும் முறையில் கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். பயன்பாடு 500ஐத் தாண்டினாலோ கட்டணம் மேல்படிக்கு ஏறிவிடும். எனவே காருக்குரிய மின்சாரத்தை வீட்டின் சராசரி விலையில் மதிப்பிடலாகாது. யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் செலவு 2,100 ரூபாய். மிச்சம் மாதம் 6,200. ஆண்டுக்கு 74,000க்கு மேல். மின்காரின் விலை அதே அளவுப் பெட்ரோல் காரைவிட மூன்று இலட்சம் அதிகம் என்று கொண்டால், நான்கே ஆண்டுகளில் அது கழிந்துவிடும்.

ஆனால் இதே கணக்கை, மாதம் 300 கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் ஒருவருக்குப் போட்டுப் பாருங்கள். அவருக்கு மிச்சம் மாதம் 1,500 ரூபாய்தான். மூன்று இலட்சத்தை மீட்கப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! அதற்குள் காரே பழையதாகிவிடும். அண்டை வீட்டார் வாங்கினார் என்பதற்காகக் கடன்பட்டு மின்கார் வாங்குபவர், பெட்ரோலில் மிச்சப்படுத்தியதை வட்டியில் இழப்பார். நிறைய ஓடுபவருக்கே இவ்வண்டி சிக்கனம். கொஞ்சம் ஓடுபவருக்கு இது ஆடம்பரம். இதனை மறவாதீர்கள்.

மின்கலம் கெட்டுவிட்டால் என்ன செய்வது என்பீர்கள். புதிதாக மாற்றுவதற்குச் சில இலட்சங்கள் ஆகும் என்பது உண்மையே. ஆயினும் நம் நாட்டில் பல மின்கார்களுக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை மின்கலத்திற்கு உத்தரவாதம் தரப்படுகிறது. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் நம் ஆசிரியரின் கார் எட்டு ஆண்டுகளில் 1,20,000ஐத்தான் எட்டும். உத்தரவாதச் சீட்டின் எழுத்துக்களை ஒன்றுவிடாமல் படித்துக் கையெழுத்திடுவது அவர் கடமை. மறுபக்கம், எஞ்சின் ஆயில் மாற்றுவது இல்லை. கிளட்ச் தேய்வது இல்லை. பிரேக் கட்டைகள் நெடுங்காலம் உழைக்கும். கனம் மிகுந்த வண்டியாதலால் டயர்கள் மட்டும் சற்று விரைவில் தேயக்கூடும்.

இனி அந்தத் தாயுள்ளத்தின் அச்சத்திற்கு வருவோம். கிளைக் கிராமங்களுக்குச் சென்று வர நாமும் ஈராண்டாக ஒரு மின்காரையே பயன்படுத்துகிறோம். நள்ளிரவில் நோயாளி ஒருவருக்காகக் கதவு தட்டப்படும் பணி நம்முடையது. ஆகவே இந்த அச்சம் நமக்கும் அந்நியமன்று. நாம் கற்ற பாடம் எளியது. பெட்ரோல் தீரும்போது நிரப்புவது பழைய பழக்கம். வீடு திரும்பியதும் இணைத்துவிடுவது புதிய பழக்கம். மணமகன் எந்நேரம் வருவான் என்று அறியாமல் எண்ணெயோடு காத்திருந்த கன்னியரின் விவேகம் இங்கே பொருந்தும். மாலையில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் அன்றிரவே சார்ஜ் ஏற்றிவிட வேண்டும். நாளைக்கு என்று ஒத்திப்போடலாகாது. நாள்தோறும் 80 விழுக்காட்டோடு நிறுத்துவது பெரும்பாலான மின்கலங்களுக்கு நல்லது. மதுரைப் பயணத்திற்கு முந்தின இரவு மட்டும் முழுமையாக ஏற்றலாம். ஆனால் சில வகை மின்கலங்களை வாரம் ஒருமுறையேனும் முழுதாக ஏற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர்களே சொல்வதால், கையேட்டின் சொல்லே முடிவானது.

வீட்டில் சார்ஜ் ஏற்ற, ஏர்கண்டிஷனருக்குப் போடும் பெரிய பிளக் போதும். காலியான மின்கலம் நிரம்ப ஓர் இரவு பிடிக்கும். ஆனால் எர்த் சரியாக இருப்பதைத் தகுதியுள்ள எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்த பின்னரே தொடங்க வேண்டும். பழைய வீடுகளில் எர்த் பெயரளவிலேயே இருக்கும். கடைகளில் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் கம்பியைச் சன்னல் வழியாக இழுத்து இணைப்பது தீயை வீட்டிற்குள் அழைப்பதற்கு ஒப்பாகும். இரண்டு மணி நேர மின்வெட்டு காரைப் பாதிக்காது, புயல் பாதிக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது டெல்டா மாவட்டங்களின் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்ததை நாம் மறக்கவில்லை. புயல் எச்சரிக்கை வந்ததுமே முழுமையாக ஏற்றி வையுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரை இயக்கவும் கூடாது. சார்ஜில் இணைக்கவும் கூடாது.

நோயாளியை ஏற்றிச் செல்வோர்க்கு மேலும் இரண்டு குறிப்புகள். மின்காரில் காலை எடுத்தவுடன் வேகம் சட்டெனக் குறைந்து, அந்த ஆற்றல் மின்கலத்திற்கே திரும்பும். இந்த மீட்பைக் கூட்டவும் குறைக்கவும் பல கார்களில் வழியுண்டு. அதிகமாக வைத்தால் பின்னால் இருப்பவருக்குத் தலை சுற்றி வாந்தி வரலாம். தாயார் இருக்கையில் குறைத்தே வையுங்கள். மற்றொன்று, பெரிய மின்கலம் நிறைந்திருந்தாலும், மின்காரிலும் பழைய வகைச் சிறிய 12 வோல்ட் பாட்டரி ஒன்று உண்டு. அது செத்துவிட்டால் வண்டி கிளம்பாது. சர்வீசின்போது அதனைச் சோதிக்கக் கேளுங்கள். அன்றியும், தாயாரை ஏற்றும் முன்னர், கணவனும் மனைவியும் ஒருமுறை அதே வழியில் சென்று, வேகமாகச் சார்ஜ் ஏற்றும் நிலையம் எங்குள்ளது, அது இயங்குகிறதா என்பதைக் கண்ணால் பார்த்து வாருங்கள். பலகை தொங்கும் இடத்திலெல்லாம் மின்சாரம் கிடைப்பதில்லை.

இறுதியாக, மனச்சான்றுக்குரிய கேள்வி ஒன்று. புகை இல்லாததால் இக்கார் மாசற்றது என்று சொல்லிவிட முடியுமா? நம் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. ஆயினும், பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பங்கை வெப்பமாக வீணடிக்க, மின் மோட்டாரோ பெற்றதில் மிகச் சிறிதே வீணாக்குகிறது. வீட்டுக் கூரையில் சூரியத் தகடு உடையோர் பகலில் ஏற்றினால் நன்மை இன்னும் பெருகும். இன்னொரு பக்கமும் உண்டு. பல மின்கலங்களில் சேரும் கோபால்ட்டில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்குள்ள சிறு சுரங்கங்களில் குழந்தைகளும் மண் சுமக்கின்றனர். 2023இல் திருத்தந்தை பிரான்சிஸ் கின்ஷாசா நகருக்குச் சென்றபோது, அந்நாட்டின் செல்வம் சுரண்டப்படுவதை வன்மையாகக் கண்டித்தார். இன்று கோபால்ட் இல்லாத இரும்பு பாஸ்பேட் வகை மின்கலங்கள் நம் நாட்டுக் கார்கள் பலவற்றில் வருகின்றன. "இதில் எவ்வகை மின்கலம்?" என்று விற்பனையாளரிடம் கேட்பது வாங்குவோரின் உரிமை, நம்மைப் பொறுத்தமட்டில் அது கடமையும் ஆகும்.

ஆகவே ஆசிரியருக்கும் அவர்தம் இல்லத்தரசிக்கும் நம் பதில் இதுவே: வீட்டிற்குள் நிறுத்த இடமும், நல்ல எர்த்தும், வங்கித் தவணையைத் தாங்கும் சம்பளமும் இருக்குமாயின், தயங்காமல் வாங்குங்கள். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் சற்றுப் பொறுங்கள். வாங்கிய பின் மாதந்தோறும் மிச்சமாகும் பணத்தைச் செலவில் கரைத்துவிடாமல், தாயாரின் மருத்துவத்திற்கென்று தனியே எடுத்து வையுங்கள். ஒவ்வோர் இரவும் பிளக்கை மாட்டும் பொறுப்பைப் பிள்ளைகளில் ஒருவரிடம் ஒப்படையுங்கள்; பாட்டியின் நலனில் தனக்கும் பங்குண்டு என்பதை அப்பிள்ளை அறிந்துகொள்ளும்.