எண்ணிலிருந்து ஸ்வரம்: எந்தக் கருவியை நம்புவது?

மத்தியக் கல்வி வாரியப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் பதினோராம் வகுப்பில் கணிப்பொறி அறிவியல் எடுத்தால் பைத்தான் மொழி கற்கிறார்கள். அவர்களில் சிலர் சனி, ஞாயிறுகளில் பாட்டு வகுப்புக்கும் வருகிறார்கள். இந்த இரண்டு படிப்பும் ஒன்றையொன்று ஏறெடுத்துப் பார்ப்பதே இல்லை. பள்ளியில் எழுதும் நிரல்களோ மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்கு என்றே சுற்றிச் சுற்றி வருகின்றன. ஆண்டிறுதிச் செய்முறைத் திட்டத்துக்கு எண்களிலிருந்து ஒரு சுருதியை எழுப்பிக் காட்டினால் என்ன என்று கேட்கும் பிள்ளைகளிடம் சொல்லி வருகிறேன். உடனே வரும் பதில் கேள்வி ஒன்றுதான்: "எந்த லைப்ரரி போடுறது மாமா?"

இங்கே லைப்ரரி என்பது நம் சங்கத்து நூலகம் அல்ல. பிறர் எழுதிச் சோதித்து வைத்திருக்கும் நிரல் தொகுப்பு. அதை எடுத்து நம் நிரலில் சேர்த்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம். ஆனால் எதைச் சேர்ப்பது என்பதில் பிள்ளைகள் காட்டும் அவசரம் எனக்குச் சம்மதமில்லை. எது இரண்டே வரியில் ஒலிக்கிறதோ அதை எடுத்துவிடுகிறார்கள்.

கணிப்பொறிக்கு ஒலி என்பது எண் வரிசை. குறுந்தகடு முறையில் ஒரு விநாடிக்கு 44,100 எண்கள். ஒவ்வோர் எண்ணும் -32,768 முதல் 32,767 வரைக்குள் இருக்கும். ஐந்து கட்டை ஸட்ஜம் என்றால் விநாடிக்கு 196 அதிர்வு. சைன் கணக்கைப் போட்டு அந்த எண்களை உண்டாக்குவது பத்தாம் வகுப்புத் திரிகோணவியல் அறிந்த பிள்ளைக்குக் கஷ்டமில்லை. உண்டான எண்களை ஒலிபெருக்கி வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் லைப்ரரி வேண்டும்.

சில ஆண்டுகள் முன்புவரை பலரும் கைகாட்டியது சிம்பிள்ஆடியோ. பெயருக்கேற்ற எளிமைதான். ஆனால் 2019இல் வந்த 1.0.4க்குப் பிறகு அதற்குப் புதிய பதிப்பு வரவில்லை. இன்றைய பைத்தானுக்கு ஆயத்தமாகக் கட்டிய பொதி இல்லாததால், சி மொழித் தொகுப்பியையும் ஏற்றினால்தான் அது நிறுவப்படும். பழைய பாடக்குறிப்பைப் பார்த்து எழுதும் பிள்ளை, சிவப்பு எழுத்தில் வரும் நாற்பது வரிப் பிழைச் செய்தியைக் கண்டு, தனக்குத்தான் கணிப்பொறி வரவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. எனக்கு வருத்தம் தருவது இதுதான்.

வின்சவுண்ட் என்ற ஒன்று விண்டோஸ் பைத்தானுடனேயே வருகிறது. அதன் பீப் கட்டளைக்கு முழு எண் அதிர்வைத்தான் கொடுக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு நாதம்தான். ஸட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்து ஒலிக்காத சுருதி என்ன சுருதி? பைகேம் விளையாட்டு எழுதுவோர்க்கு நல்லது. இந்தச் சிறு வேலைக்கு அது கல்யாண அண்டாவில் காப்பி போடுவது போல.

மிஞ்சுபவை பைஆடியோவும் சவுண்ட்டிவைஸும். இரண்டுக்கும் அடியில் இருப்பது போர்ட்ஆடியோ என்ற ஒரே தொகுப்புதான். சவுண்ட்டிவைஸ் நம்பை அணியை அப்படியே வாங்கிக்கொள்ளும். விண்டோஸ், மேக் இரண்டிலும் போர்ட்ஆடியோவைத் தானே கொண்டுவந்துவிடும். லினக்ஸில் மட்டும் அதைத் தனியாக நிறுவ வேண்டும். நேரடியாக ஒலிக்கத்தான் வேண்டும் என்றால் என் ஓட்டு இதற்கே.

ஆனால் முதல் ஓட்டு இதற்கும் அல்ல. பைத்தானுடனேயே வரும் வேவ் என்ற பகுதிக்குத்தான். அது ஒலிக்காது, எண்களைக் கோப்பாக எழுதித் தரும், அவ்வளவே. நம் வீடுகளின் நிலைமையைப் பாருங்கள். பல வீடுகளில் இருப்பது ஒரே மடிக்கணினி, அதுவும் அப்பாவின் அலுவலகம் கொடுத்தது. வெளியிலிருந்து எதையும் நிறுவ அனுமதி கிடையாது. பள்ளிக் கூடத்திலும் பெரும்பாலும் அதே கதை. வேவ் பகுதிக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13 பழைய ஒலிப் பகுதிகள் பலவற்றைக் கழித்துக்கட்டியது; வேவ் தப்பியது. எழுதிய கோப்பு எந்தக் கைபேசியிலும் ஒலிக்கும். ஒரு நிமிடச் சுருதிக்கு ஐந்தேகால் மெகாபைட்தான் ஆகும்.

"கைபேசியில் இலவசத் தம்பூராச் செயலி கிடைக்கிறதே, இந்தப் பாடெல்லாம் எதற்கு?" என்று பெற்றோர் கேட்பது நியாயம். பாட்டுக்கு அந்தச் செயலி போதும். காதுக்கும் கணக்குக்கும் அது போதாது. 196ஐ ஸட்ஜமாக வைத்தால், ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் அந்தர காந்தாரம் 245. கீபோர்டின் சமப் பகிர்வுக் கணக்கில் அதே இடம் 246.94. இரண்டு கோப்புகளாக எழுதி, ஸட்ஜத்தோடு சேர்த்து அடுத்தடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். கீபோர்டு வைத்துப் பாடிப் பழகும் நம் பிள்ளைகளிடம் பாட்டு வாத்தியார் ஏன் அந்த ஸ்வரத்தில் நிறுத்தி நிறுத்தித் திருத்துகிறார் என்பது அப்போது விளங்கும். பஞ்சமத்தில் வித்தியாசம் மிகக் குறைவு: 294க்கு 293.66. அதையும் பொறுமையாகக் கேட்டால், மூன்று விநாடிக்கு இரண்டு முறை மெல்ல அலைவது தெரியும். ஆனால் வெறும் சைன் அலையில் இந்த அலைவு எளிதில் வராது. தந்தியில் போல இரண்டாம், மூன்றாம் மடங்கு அதிர்வுகளையும் கொஞ்சம் கலக்க வேண்டும்.

கலக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு நாதத்தையும் முழு அளவில் எழுதிக் கூட்டினால் எண் எல்லையைத் தாண்டும். சுருதிக்குப் பதில் கரகரப்புதான் வரும். ஒவ்வொன்றையும் கால் பங்கு அளவில் வைத்து, நாதங்கள் நான்குக்கு மேல் போனால் இன்னும் குறைத்துக் கூட்டுவது நல்லது. முதல் முறை கேட்கும்போது காதில் ஒலிக்கருவி மாட்டாமல், ஒலியளவைத் தாழ்த்தி வைப்பதும் அவசியம்.

சவுண்ட்டிவைஸுக்குப் போகிறவர்கள், விநாடிக்கு எத்தனை எண்கள் என்பதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அது கருவியின் இயல்பு விகிதத்தை எடுத்துக்கொள்ளும். பல கணினிகளில் அது 48,000. 44,100க்கு எழுதிய சுருதி அதில் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் உயர்ந்து ஒலிக்கும். நிரலில் பிழை ஏதும் காட்டாது. கண்டுபிடிக்க வேண்டியவர் பக்கத்து அறையில் இருக்கும் பாட்டிதான்.